செனட்டும் மூதவையும்



கீழே வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு தம்பி ஓடிவந்தார். "சார், பையைக் கொடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். படியேறும்போது, "பார்த்து வாங்க சார், இந்தப் படி கொஞ்சம் உயரம்" என்றார். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க சார்" என்றார். இன்று நான் பேச வந்த பொருளை எனக்கு முன்னால் அவரே தொடங்கிவைத்துவிட்டார். அந்தத் தம்பி சொன்ன 'சார்', ஆங்கிலத்து 'சர்'. அது பழைய பிரெஞ்சு மொழியின் 'சீர்'. அதற்கும் பின்னால் போனால் 'செனியோர்' என்ற லத்தீன் சொல் நிற்கிறது. 'அதிகம் முதியவர்' என்று பொருள். வெறுமனே 'முதியவர்' என்றால் லத்தீனில் 'செனெக்ஸ்'. செனெக்ஸ்கள் கூடிய அவை 'செனாத்துஸ்'. அதுதான் நாம் செனட் என்று சொல்வது.

இந்தச் சொல்லை நான் துரத்தத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் செனட்டில் உறுப்பினராக இருந்தேன். ஆண்டறிக்கையின் தமிழ் வடிவம் கைக்கு வந்தது. ஒரே பக்கத்தில் ஓர் இடத்தில் 'செனட்', இன்னோர் இடத்தில் 'ஆட்சிப் பேரவை', கீழே அட்டவணையில் 'ஆட்சி மன்றம்' என்று இருந்தது. மூன்றும் ஒரே அமைப்பு. பிரிவு அலுவலரிடம் கேட்டேன். "எதைப் போட்டாலும் ஒன்றுதானே சார்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுச்சென்றதை அவர் தட்டச்சு செய்தார். ஆனால் ஓர் அவையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் நமக்கு அந்த அவையின் பெயர் என்னவென்று தெரியவில்லையே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'சென்' என்பது முதுமையைக் குறிக்கும் மிகப் பழைய வேர். லிதுவேனிய மொழியில் 'சேனஸ்' என்றால் பழைய, முதிய. தாத்தாவை 'சேனேலிஸ்' என்பார்கள். ஐரிஷ் மொழியில் 'ஷான்'. வேல்ஸ் மொழியில் 'ஹென்', ஆர்மீனியத்தில் 'ஹின்'. சகரம் ஹகரமாக மாறுவது நமக்குப் புதிதில்லை. சிந்து ஹிந்துவானதும் இதே போன்ற மாற்றத்தால்தான். சமஸ்கிருதத்தில் 'சன' என்றால் பழைய, 'சனா' என்றால் நெடுங்காலமாக. அதனோடு 'தன' என்ற விகுதி சேர்ந்தால் 'சனாதன'. புராதனம், நூதனம் இரண்டிலும் இருக்கும் அதே விகுதி. ஆக, செனட்டும் சனாதனமும் ஒரே வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்கள். ஒன்று மேற்கே போய் அவையின் பெயரானது, இன்னொன்று கிழக்கே வந்து காலத்தின் பெயரானது. ஒலி ஒப்புமையைக் கண்டு 'சேனை'யையும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். படையைக் குறிக்கும் அந்தச் சொல்லின் வேர் வேறு.

ரோமில் செனட் கூடிய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஃபோரம் என்னும் இடிபாடுகளுக்கு நடுவே, செங்கல் முகத்தோடு, அலங்காரம் ஏதுமின்றி ஒரு பெரிய பெட்டியைப் போல இருக்கும். கூரியா யூலியா என்று பெயர். ஜூலியஸ் சீசர் தொடங்கியதை அகஸ்டஸ் கி.மு. 29-ல் முடித்தார். கி.பி. 283-ல் தீப்பிடித்து எரிந்தபின் டயக்ளீஷியன் பேரரசர் மறுபடி எழுப்பினார். 7-ம் நூற்றாண்டில் தேவாலயமாக மாறியதால்தான் அது இடிபடாமல் தப்பியது. உள்ளே நீளம் 25 மீட்டர், அகலம் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் எதிர்பார்த்துப் போனது வட்டமான அரங்கம். அங்கே இருப்பதோ நடுவில் நீண்ட வழி, இரு பக்கமும் எதிரெதிராக மும்மூன்று அகலமான தாழ்ந்த படிகள். அந்தப் படிகளில்தான் இருக்கைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். தரையில் பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாகப் பளிங்குப் பூவேலை. அதன் வெண்கலக் கதவுகள் இப்போது அங்கே இல்லை. 17-ம் நூற்றாண்டில் கழற்றிக் கொண்டுபோய், ரோமிலேயே உள்ள புனித யோவான் லாத்தரன் பேராலயத்தில் பொருத்திவிட்டார்கள்.

அந்த நடுவழிக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு கருத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து, அதைச் சொன்னவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு நடந்து போவார்கள். அதுதான் வாக்கெடுப்பு. பேச்சில் மூத்தவருக்கு முதலிடம். வரிசையாகக் கேட்டு வரும்போது பல இளையவர்களுக்கு முறையே வராது. அவர்கள் தங்கள் கருத்தைக் காலால்தான் சொல்ல முடிந்தது.

அந்த அவை போட்ட தீர்மானத்துக்கு 'செனாத்துஸ் கொன்சுல்தும்' என்று பெயர். ஏட்டளவில் அது அறிவுரை மட்டுமே. சட்டம் இயற்றும் உரிமை மக்கள் கூட்டங்களுக்கு இருந்தது. ஆனாலும் படை எங்கே போக வேண்டும், கருவூலத்தில் கைவைக்கலாமா, அயல்நாட்டுத் தூதருக்கு என்ன விடை சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாயின. பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த எண்ணத்தின் மேல் ஒரு பேரரசே நடந்தது. உறுப்பினர்களை 'பாத்ரேஸ்', அதாவது தந்தையர் என்றே விளித்தார்கள்.

ஆனால் இந்தச் சொல் பிறந்த ஊரிலேயே அதன் பொருள் கழன்றுபோனது. ரோமை நிறுவியவராகச் சொல்லப்படும் ரோமுலஸ் அமைத்தது 100 பேர் கொண்ட அவை என்பது மரபு. குடியரசுக் காலத்தில் பெரும்பாலும் 300 பேர். கி.மு. 81 வாக்கில் சர்வாதிகாரி சுல்லா அதை 600 ஆக்கினார். கூடவே குவெஸ்தோர் என்னும் தொடக்கநிலைப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எல்லாரும் தாமாகவே செனட்டுக்குள் வரலாம் என்றும் விதித்தார். அந்தப் பதவிக்கு 30 வயது போதும். சீசர் எண்ணிக்கையை 900 ஆக்கினார், அகஸ்டஸ் மறுபடி 600-க்குக் குறைத்தார். முப்பது வயதுக்காரர்கள் நிறைந்த ஓர் அவை முதியோர் என்ற பெயரைத் தாங்கி நின்றது. பெயர் பொருளை விட்டு விலகி வெறும் மதிப்பாக மாறிய கணம் அது. அதன் பிறகுதான் அந்தப் பெயரால் எங்கும் பயணம் போக முடிந்தது.

இடைக்காலத்தில் அந்தச் சொல் இன்னும் விநோதமான வடிவம் எடுத்தது. 1144 வாக்கில் ரோம் மக்கள் போப்பாண்டவரின் அதிகாரத்துக்கு எதிராகத் திரண்டு, பழைய பெருமையை நினைத்துத் தங்கள் நகராட்சிக்கு செனட் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில தலைமுறைகளில் அவை சுருங்கிச் சுருங்கி, 'செனட்டர்' என்று ஒரே ஒருவர் மிஞ்சினார். நகரத்தையே ஆளும் தனி அதிகாரி அவர். 13-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆஞ்சூ சார்ல்ஸ் ரோமின் செனட்டராக இருந்தார். கூட்டத்தைக் குறிக்கப் பிறந்த சொல் தனியாளைக் குறித்தது. காப்பிட்டோல் குன்றில் இருக்கும் செனட்டர் மாளிகைதான் இன்று ரோம் நகர மேயரின் அலுவலகம். ரோம் தெருக்களில் குனிந்து பார்த்தால் சாக்கடை மூடியில்கூட 'எஸ்.பி.க்யூ.ஆர்.' என்ற நான்கு எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். 'ரோம் செனட்டும் மக்களும்' என்பதன் சுருக்கம். அந்தப் பண்டைய செனட் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இனி இந்தச் சொல் கடந்துபோன நாடுகள். எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. என்னை நிறுத்தி வைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1711-ல் ரஷ்யாவின் முதலாம் பீட்டர் துருக்கியர் மீது போருக்குக் கிளம்பினார். தாம் இல்லாதபோது ஆட்சியை நடத்த ஒன்பது பேரை நியமித்து, 'ஆளும் செனட்' என்று பெயரிட்டார். அந்த நாட்டில் பாயர்கள் என்னும் பிரபுக்களின் பழைய அவை ஏற்கெனவே இருந்தது. அந்தப் பெயரை எடுத்தால் அவர்களின் உரிமையும் கூடவே வரும். யாருக்கும் உறவில்லாத லத்தீன் பெயர் அவருக்கு வசதியாக இருந்தது. தற்காலிகமாகப் பிறந்த அந்த செனட் 1917 வரை நீடித்தது. பிற்காலத்தில் அது சட்டங்களை வெளியிடும் அலுவலகமும் உச்ச நீதிமன்றமுமாக ஆனது. 1825 டிசம்பரில், புதிய ஜார் நிக்கோலஸுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்த ஏறத்தாழ 3,000 படைவீரர்கள் கடுங்குளிரில் அணிவகுத்து நின்றது பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில்தான். மாலையில் அவர்கள் மீது பீரங்கி வெடித்தது.

பின்லாந்தில் நடந்தது இதைவிட நுட்பமானது. 1809-ல் அந்த நாடு ஸ்வீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியபோது உள்நாட்டு ஆட்சிக்கு ஓர் 'ஆளும் குழு' அமைத்தார்கள். 1816-ல் அதன் பெயரை 'பேரரசின் பின்லாந்து செனட்' என்று மாற்றினார் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர். வேலை மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆனால் அந்தப் பெயர் மாற்றத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது: இது பீட்டர்ஸ்பர்க் செனட்டின் கிளை அலுவலகமாகாது, அதற்கு நிகரானது என்று பொருள். பின்லாந்து மக்கள் சொல்லையும் தங்கள் நாக்குக்கு ஏற்ப நீட்டி 'செனாட்டி' என்று ஆக்கிக்கொண்டார்கள். நூறாண்டு கழித்து, 1917 டிசம்பரில், பின்லாந்து விடுதலை பெற்ற நாடு என்ற அறிவிப்பை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது இந்த செனட்தான். பேரரசர் கொடுத்த பெயரைச் சூடிக்கொண்டே அந்தப் பேரரசிலிருந்து வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பெயரை விட்டுவிட்டு, தங்கள் மொழியில் அரசவைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஹெல்சிங்கி நகரின் நடுவே செனட் சதுக்கம் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

ஜெர்மனியில் ஹாம்பர்க், பிரேமன், பெர்லின் ஆகிய மூன்று நகர மாநிலங்களிலும் செனட் என்றால் அமைச்சரவை. அங்கே ஒருவர் கல்வி செனட்டர் என்றால் கல்வி அமைச்சர் என்று பொருள். வணிகர்கள் ஆண்ட வட ஜெர்மன் துறைமுகங்களின் மரபு அது. எழுத்தாளர் தாமஸ் மன்னின் தந்தை லூபெக் நகரின் செனட்டராக இருந்தவர். 1901-ல் வந்த 'புடன்புரூக்ஸ்' நாவலில் செனட்டர் பதவிக்காக ஒரு குடும்பம் படும் ஏக்கத்தை மன் அவ்வளவு நெருக்கமாக எழுத முடிந்தது அதனால்தான். அதே ஜெர்மனியில் உயர் நீதிமன்றங்களின் அமர்வுகளுக்கும் செனட் என்றே பெயர். ஸ்காட்லாந்தில் உயர் நீதிபதிகள், 1532-ல் அமைந்த 'நீதிக் கல்லூரியின் செனட்டர்கள்'.

அமெரிக்காவின் கதை உங்களுக்குத் தெரிந்தது. 1776-ல் வர்ஜீனியா தன் மேலவைக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. 1787-ல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் நாட்டின் மேலவைக்கும் அதையே எடுத்தார்கள். ஆளாளுக்கு ரோம் வரலாற்றைப் படித்திருந்த தலைமுறை. குறைந்தபட்ச வயது 30 என்று வைத்தார்கள். சுல்லாவின் அதே 30. மாநிலத்துக்கு இருவர். அவர்களை 1913 வரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்களே அனுப்பின. இன்று உலகம் முழுக்க செனட் என்றதும் மேலவை என்றே மனத்தில் படுவதற்கு அமெரிக்காவே பெருங்காரணம். ரோமில் அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை.

பிரான்சைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1799-ல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும் வந்த அரசியல் சட்டம் 'காக்கும் செனட்' ஒன்றை அமைத்தது. 40 வயது நிரம்பியவர்கள், ஆயுள் முழுக்கப் பதவி. அரசியல் சட்டத்தைக் காப்பது அவர்கள் வேலை. பழைய ரோமின் 'செனாத்துஸ் கொன்சுல்தும்' என்ற சொல்லையும் தூசு தட்டி எடுத்தார்கள். பிரெஞ்சில் அது 'செனாத்துஸ்-கொன்சுல்த்' ஆனது. அப்படி ஒரு தீர்மானத்தால்தான் 1804 மே மாதம் நெப்போலியன் பேரரசரானார். 1814 ஏப்ரலில், எதிரிப் படைகள் பாரிசுக்குள் வந்துவிட்ட பிறகு, அதே செனட் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. காக்க என்று அமைத்த அவை, காக்க வேண்டிய பத்தாண்டுகளும் தலையாட்டிவிட்டு, அவர் விழுந்தபின் குரல் கொடுத்தது. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரோமிலும் பேரரசர்கள் காலத்தில் நடந்தது இதேதான். பெயரோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கோபத்துக்கு மருந்து போலந்தில் கிடைத்தது. அங்கே செனட் பல நூற்றாண்டு மரபு உள்ளது. ஆயர்களும் மாகாண ஆளுநர்களும் அமர்ந்த அவை. 1946-ல் கம்யூனிஸ்டுகள் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்று கேள்விகள். முதல் கேள்வியே செனட்டை ஒழிக்கச் சம்மதமா என்பதுதான். முடிவைத் திருத்தி, மக்கள் சம்மதம் என்று சொன்னதாக அறிவித்தார்கள். செனட் போனது. 43 ஆண்டுகள் கழித்து, 1989-ல், வட்டமேசைப் பேச்சில் அரசு ஓரடி பின்வாங்கியது. கீழவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் சுதந்திரமான போட்டி, செனட்டைத் திரும்பக் கொண்டுவந்து அதன் 100 இடங்களுக்கும் முழுச் சுதந்திரத்தோடு தேர்தல் என்று ஒப்புக்கொண்டார்கள். செனட்டுக்கு அதிகாரம் குறைவு, போனால் போகட்டும் என்று விட்டார்கள். ஜூன் மாதத் தேர்தலில் சாலிடாரிட்டி இயக்கம் அந்த 100-ல் 99 இடங்களை வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்சியே மாறியது. மக்கள் கையில் கிடைத்த ஒரே திறந்த கதவுக்கு அந்தப் பழைய லத்தீன் பெயர்தான் பலகையாக இருந்தது.

கடல்வழியாகவும் இது போனது. போர்ச்சுக்கீசியர் தாங்கள் குடியேறிய துறைமுகங்கள் பலவற்றில் நகராட்சிக்கு 'செனாடோ' என்று பெயரிட்டார்கள். சீனக் கரையில் மக்காவில் 1583-ல் அமைத்த செனாடோ, போர்ச்சுகல் அந்த ஊரைத் திருப்பிக் கொடுத்த 1999 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. இப்போது அது ஒரு சதுக்கத்தின் பெயர். அலையலையாகக் கறுப்பு வெள்ளைக் கற்கள் பதித்த தரை, சுற்றிலும் கடைகள்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் ஒலியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவர்களிடம்தான் நெருக்கம்.

கிரேக்கர்களிடம் ஏற்கெனவே 'ஜெரூசியா' என்ற சொல் இருந்தது. ஸ்பார்ட்டாவில் 60 வயது கடந்த 28 பேரும் இரண்டு அரசர்களும் அமர்ந்த அவை. ஜெரோன் என்றால் முதியவர். இன்றைய கிரேக்கச் செய்தித்தாளில் அமெரிக்க செனட் ஜெரூசியா என்றே அச்சாகிறது. அரபு மொழியில் 'மஜ்லிஸ் அல்-ஷுயூக்'. ஷேக் என்றால் முதலில் முதியவர், பிறகு தலைவர். நம் ஊர் முஸ்லிம் பெயர்களில் முன்னால் வருகிற அதே ஷேக். ஷுயூக் அதன் பன்மை. எகிப்தில் 1923 அரசியல் சட்டத்தின்படி அமைந்த மேலவைக்கு இதுதான் பெயர். ஜப்பானியர் 'கென்ரோயின்' என்று ஒரு சொல் செய்தார்கள், மூத்த பெரியோர் மன்றம் என்ற பொருளில். 1875 முதல் 1890 வரை அவர்கள் நாட்டிலேயே அந்தப் பெயரில் ஓர் அவை இருந்தது. ரோமின் செனட்டை இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அமெரிக்க செனட்டை மட்டும் 'மேல் மன்றம்' என்று வேறு சொல்லால் குறிக்கிறார்கள். ரோமுக்கு வயது, அமெரிக்காவுக்கு மாடி. அந்த இரண்டு அவைகளும் ஒன்றல்ல என்று மொழியே பிரித்துக் காட்டிவிடுகிறது.

அயர்லாந்தில் மேலவைக்கு 'ஷானட்' என்று பெயர். கவிஞர் யேட்ஸ் 1922 முதல் 1928 வரை அதில் உறுப்பினர். அந்தச் சொல்லைக் கேட்கும் ஐரிஷ்காரர் காதில், முதிய என்ற பொருளுள்ள 'ஷான்' தானாக விழுகிறது. ஒலியும் பொருளும் சேர்ந்தே கிடைத்த பேறு அது.

இனி நம் பக்கம் வருகிறேன்.

மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு 'டேவான் நெகாரா' என்று பெயர். டேவான் என்பது பாரசீகத்துத் திவான். நெகாரா என்பது சமஸ்கிருத நகரம். ஆனால் அதில் உட்காரும் 70 பேரையும் 'செனட்டர்' என்கிறார்கள். ஓர் அவை, மூன்று மொழி. அங்குள்ள தமிழ் நாளிதழ்களும் செனட்டர் என்றே எழுதுகின்றன.

இலங்கையில் சோல்பரி அரசியல் சட்டத்தின்படி 1947-ல் செனட் சபை வந்தது. 30 பேர். 15 பேரைக் கீழவை தேர்ந்தெடுக்கும், 15 பேரை மகாதேசாதிபதி, அதாவது கவர்னர் ஜெனரல், நியமிப்பார். 1960-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானபோது கீழவையில் அவருக்கு இடமில்லை. செனட் உறுப்பினராக இருந்தே 1965 வரை நாட்டை ஆண்டார். சேர் கந்தையா வைத்தியநாதனும் மு. திருச்செல்வமும் செனட்டர்களாக இருந்தே அமைச்சர்களானவர்கள். 1971 அக்டோபர் 2-ம் தேதி அந்த அவை ஒழிக்கப்பட்டது.

அந்த அவை போனது. ஆனால் ஈழத்தில் செனட் என்ற சொல்லுக்கு ஒரு தமிழ் வடிவம் நிலைத்து நிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் செனட்டை அவர்கள் 'மூதவை' என்கிறார்கள். கவுன்சிலைப் 'பேரவை' என்கிறார்கள். பேரவை நிர்வாகத்தைப் பார்க்கும். மூதவை கல்வியைப் பார்க்கும். ஒன்றோடொன்று குழம்பாது.

இந்தச் சொல்லை முதன்முதலில் ஒரு செய்தித்தாளில் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. முதுமை, அவை. முதுமையின் ஈறு கெட்டு, முதல் எழுத்து நீண்டு 'மூது' என்றாகும். ஈறுபோதல், ஆதிநீடல் என்று பள்ளியில் படித்தோமே, அந்த விதிதான். மூதூர், மூதாட்டி, மூதாதையர், மூதுரை, மூதறிஞர் எல்லாம் நாம் நாள்தோறும் புழங்குபவை. அந்த வரிசையில் மூதவையை வைத்துப் பாருங்கள், எத்தனையோ நூற்றாண்டாகத் தமிழில் இருந்ததுபோல உட்காருகிறது. ரோமில் செனெக்ஸ் என்ற சொல்லிலிருந்து செனாத்துஸ் பிறந்த அதே முறையில், அதே பொருளில், வேறொரு மொழிக்குடும்பத்தில் ஒரு சொல். 'ஆட்சிப் பேரவை' அவை செய்யும் வேலையைச் சொல்கிறது. அதுகூட எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 'செனட்' ஒலியைத் தருகிறது. மூதவை ஒன்றுதான் அந்தச் சொல்லின் உயிரைத் தருகிறது.

தமிழ்நாட்டில் இது ஏன் வேரூன்றவில்லை? ஒரு காரணம் நம் கடற்கரையிலேயே நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் சட்டத்தால் பிறந்தபோது, வேந்தரும் துணைவேந்தரும் ஃபெல்லோக்களும் சேர்ந்ததை செனட் என்றார்கள். 1874-க்கும் 1879-க்கும் இடையில் கட்டடக் கலைஞர் சிசோம் கட்டிய மாளிகைக்கு செனட் ஹவுஸ் என்று பெயர் வந்தது. நான்கு மூலையிலும் குமிழ் வைத்த கோபுரங்கள், உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சம். மெரினாவில் சுண்டல் விற்பவரும் அந்தப் பெயரைச் சொல்வார். கட்டடமாகிவிட்ட பெயரை யாரும் மொழிபெயர்க்க நினைப்பதில்லை. அந்த மாளிகைக்கு நான் எதிரியல்லன். பரிசு வாங்க என் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் படிகளில் ஏறியவன். அதன் பெயர் அப்படியே இருக்கட்டும். நான் பேசுவது அவையைப் பற்றி.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். சென்னை செனட் கொடுத்த பட்டத்தை வாங்கிய தாமோதரம் பிள்ளைதான் ஏடு தேடி அலைந்து, 1887-ல் கலித்தொகையை நமக்கு அச்சில் தந்தார். வாங்கியதற்குப் பல மடங்கு திருப்பிக் கொடுத்த மண் அது. இப்போது அதே மண், நம் செனட்டுக்கே ஒரு பெயரைச் செய்து வைத்திருக்கிறது. எடுத்துக்கொள்வதில் நமக்கு என்ன தயக்கம்?

வயதில் மூத்தவர்கள் மட்டும் உட்காரும் இடமா அது என்று மாணவப் பிரதிநிதிகள் கேட்கலாம். ரோமில் முப்பது வயதுக்காரரும் உட்கார்ந்தார். மூதறிஞர் என்று நாம் சொல்லும்போது பிறந்த நாளைக் கணக்கிடுவதில்லை. மூது என்பதில் முதிர்ச்சியும் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஒரு மாணவி எழுந்து, ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை, அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டால், அன்றைக்கு அந்த அவையில் முதிர்ந்தவர் அவர்தான்.

பல்கலைக்கழகச் சட்டங்களைத் திருத்துவது நம் கையில் இல்லை. அதற்குச் சட்டமன்றம் இருக்கிறது. ஆனால் ஆண்டறிக்கையின் தமிழ்ப் பக்கங்கள், கூட்ட அழைப்பு, நடவடிக்கைக் குறிப்பு, கதவுக்கு மேலே தொங்கும் பலகை ஆகியவை நம் கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம். சொல் ஒன்று ஊன்றிவிட்டால் சட்டம் பின்னால் வரும். துணைவேந்தர் என்ற சொல் அப்படித்தான் நம் நாவில் நின்றது.

இன்றைய அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'முன்னாள் செனட் உறுப்பினர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தச் சொற்பொழிவு நூலாக வரும்போது 'முன்னாள் மூதவை உறுப்பினர்' என்று போடுமாறு, இதை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளரிடம் மேடையேறும் முன்பே கேட்டேன். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டு, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.